இரவுச் சப்பாத்தியும் குன்னூர் எலிகளும்

(நீண்ட பதிவு. நேரம் வாய்க்கும்போது வாசிக்கலாம்.)

என் தந்தையார் காவிரிக் கடைமடையில் நாற்பது ஆண்டுகள் நெல் விளைவித்தவர். இரவில் அவர் சோறு உண்பதை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நீரிழிவு கண்டறியப்பட்ட அன்று மருத்துவர் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதித் தந்தார்: காலையில் நடை, இனிப்பு கூடாது, இரவில் சப்பாத்தி. முதல் இரண்டையும் அவர் எளிதில் ஏற்றுக்கொண்டார். மூன்றாவதை ஒரு தீர்ப்பைப் போலப் பெற்றுக்கொண்டார். நான்கு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா. எத்தனை சப்பாத்தி என்றோ, எதனோடு என்றோ ஒருவரும் கேட்டதில்லை. சர்க்கரை அளவும் பெரிதாக இறங்கவில்லை. ஆயினும் சோற்றைக் கைவிட்டோம் என்ற நிம்மதி வீட்டில் அனைவருக்கும் இருந்தது, அவரைத் தவிர.

நான் ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். விடுதி உணவகத்தில் வடக்கிலிருந்து வந்த தோழி ஒருத்தி, என் தட்டைப் பார்க்கும்போதெல்லாம், “இவ்வளவு சோறு உண்டால் மாலையில் எப்படி ஓடுவாய்?” என்று கேட்பாள். பகடிதான், பகையில்லை. ஆனால் தந்தையாரின் மருத்துவர் எழுதிய மூன்றாவது வரியும் இந்தப் பகடியும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றனவோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அரிசியைவிடக் கோதுமை உடலுக்கு உகந்தது என்னும் எண்ணம் நமக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது? என் ஆய்வு காலனிய ஆவணங்களில் உணவுப்பொருள்களின் பெயர்கள் குறித்தது. அதனால் இந்தக் கேள்வியைத் தேடிப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. அதுவே என் மேசைக்கு வந்தது.

தொடக்கம் மருத்துவமனையில் இல்லை, சிறையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிறைகளில்தான் ஒரு மனிதன் என்ன உண்கிறான், எவ்வளவு எடை இருக்கிறான் என்பதை அரசு அன்றாடம் அளந்தது. அளப்பதற்குக் காரணமும் இருந்தது. உணவைக் குறைத்தால் செலவு குறையும். மிகக் குறைத்தால் கைதி இறந்துபோவான். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இதே கணக்கு சிறைக்கு வெளியிலும் வந்தது. நிவாரணப் பணியில் மண் சுமப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராமுக்கும் சற்று மேற்பட்ட தானியம் போதும் என்றார் ரிச்சர்டு டெம்பிள். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதிட்டார். இந்திய உடலுக்கு எவ்வளவு உணவு தேவை என்ற கேள்வி, அந்த உடலை வளர்ப்பதற்காக அன்றி, எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம் என்று காண்பதற்காக முதலில் கேட்கப்பட்டது. இதை மறவாமல் மேலே செல்வோம்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த டேவிட் மெக்கே வங்காளத்துச் சிறைகளின் உணவை ஆராய்ந்தார். 1912இல் உணவில் புரதத்தின் பங்கு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சோறுண்ணும் வங்காளியின் மெலிவுக்கும், கோதுமையும் பாலும் உண்ணும் வடமேற்கு மக்களின் உடற்கட்டுக்கும் புரதமே காரணம் என்பது அவர் துணிபு. அதற்கு முன்பே வங்காளத்தில் ‘பேத்தோ பங்காலி’ என்றொரு வசைச்சொல் வழங்கியது. ‘பாத்’ என்றால் சோறு. சோறுண்ணி வங்காளி என்பது நேர்ப்பொருள். கோழை, சோம்பேறி என்பது வழக்குப்பொருள். ஆள்பவர் சொன்னதை ஆளப்பட்டவர் தம்மையே நோக்கிச் சொல்லிக்கொண்ட சொல் அது. குஜராத்தில் சிறுவன் மோகன்தாஸ் நண்பனின் தூண்டுதலால் ஒளிந்து ஒளிந்து இறைச்சி உண்டதற்கும் இதே எண்ணம்தான் காரணம்: ஆங்கிலேயர் ஆள்வது அவர்கள் உண்ணும் உணவால். காந்தியே இதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இனி குன்னூருக்கு வருவோம். ராபர்ட் மெக்காரிசன் வட அயர்லாந்துக்காரர். 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, கில்கிட் மலைப்பகுதியில் பணியாற்றியவர். அங்கே பரவியிருந்த முன்கழுத்துக் கழலையின் காரணத்தைக் கண்டறிய, ஊர்மக்கள் குடித்த நீரின் வண்டலைத் தாமே குடித்துச் சோதித்துப் பார்த்த மனிதர். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோயை ஆராயச் சிறியதோர் ஆய்வகம் தொடங்கினார். இடையில் அரசின் சிக்கன நடவடிக்கையால் 1923இல் அது மூடப்பட்டது. 1925இல் மீண்டும் திறக்கப்பட்டது. பின்னர் ‘ஊட்டச்சத்து ஆய்வகங்கள்’ என்னும் பெயர் பெற்று, 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது அதுவே. நான் அன்றாடம் பேருந்தில் கடந்து செல்லும் வளாகத்தின் வேர் நீலகிரியில் இருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று வியப்பாக இருந்தது.

அங்கே மெக்காரிசன் செய்த சோதனை பெரும்புகழ் பெற்றது. ஒரே வளர்ப்பினத்தைச் சேர்ந்த வெள்ளெலிகளை ஏழு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒரு மக்கள் கூட்டத்தின் உணவு என்று அவர் கருதியதைக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி, மதராஸி. எலிகளின் எடையும் இதே வரிசையில் இறங்கியது. ‘மதராஸி’ எலிகளின் எடை ‘சீக்கிய’ எலிகளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஏழு எலிகளையும் வரிசையாகக் காட்டும் படம் நெடுங்காலம் நூல்தோறும் மறுபதிப்பாகி வந்தது.

இந்த வரிசையை வரலாறு படித்த எவரும் எளிதில் அடையாளம் காண்பர். 1857க்குப் பின் பிரித்தானியப் படை ‘போர்க்குடிகள்’ என்று தேர்ந்தெடுத்த கூட்டத்தாரே மேலே இருக்கிறார்கள். படைத்தலைவர் ராபர்ட்ஸ் பிரபு ‘போர்க்குணம் அற்றவர்’ என்று ஒதுக்கிய மதராஸிகள் கீழே.

ஆனால் மெக்காரிசனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்வது நேர்மையாகாது. ஒருவகையில் அவருடைய எலிகள் இனக்கோட்பாட்டையே உடைத்தன. எலிகள் அனைத்தும் ஓரினம்; வேறுபட்டது உணவு மட்டும். எனவே உடற்கட்டு குருதியால் வருவதன்று, தட்டிலிருந்து வருவது. அவர் தம் நாட்டாரையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், இனிப்பிட்ட தேநீர், டப்பா இறைச்சி என்று பிரித்தானிய ஏழைகள் உண்டவற்றை இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றியதோடு, அறுபதாம் நாள் வாக்கில் தம்முள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. சர்க்கரைத் தேநீரும் வெள்ளை ரொட்டியும் உண்ட எலிகளின் கதையை எவரும் எனக்கு விடுதியில் சொன்னதில்லை. மதராஸி எலியின் கதை மட்டும் எப்படியோ ஊரெங்கும் பரவிவிட்டது.

சிக்கல் பெயரிடலில் இருக்கிறது. ‘சீக்கிய உணவு’ என்று அவர் குறித்தது எது? முழுக்கோதுமை மாவில் சுட்ட சப்பாத்தி, பால், வெண்ணெய், தயிர், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம், எப்போதாவது இறைச்சி. ‘மதராஸி உணவு’ எது? கழுவிய, தீட்டிய அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், மிகச் சிறிதளவு மோரும் நெய்யும், தேங்காய், சிறிது பாலிட்ட காப்பி, பாக்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருபுறம் முழுத்தானியம், மறுபுறம் தவிடும் முளையும் நீக்கிய தானியம். ஒருபுறம் குடம் நிறையப் பால், மறுபுறம் காப்பியில் ஒரு துளி. சோதனை அளந்தது இவற்றை. மெக்காரிசனும் பால், கீரை, முழுத்தானியம் என்பவற்றையே மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். ஆனால் பட்டியலின் தலைப்பில் மக்களின் பெயர் இருந்தது. தலைப்பைப் படித்தவர்கள், ‘கோதுமை உண்பவன் வலியவன், அரிசி உண்பவன் மெலியவன்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். நிலமும் கால்நடையும் உடைய ஓர் உழவனின் தட்டு ஒரு சமயத்தாரின் பெயரைப் பெற்றது. நகரத்து நடுத்தரக் குடும்பத்தின் தட்டு ஒரு மாகாணத்தின் பெயரைப் பெற்றது.

அந்த மாகாணம் முழுதும் அரிசி உண்டதா என்றால், அதுவும் இல்லை. ஆற்றுப்பாசனம் இல்லாத பெரும்பரப்பில் கேழ்வரகும் கம்பும் சோளமும்தாம் அன்றாடக் களியும் கூழும். அரிசி பண்டிகைக்கு உரியது, அல்லது வசதியுள்ளோருக்கு உரியது. கோவைப் பக்கத்துச் சோளக்கூழும் பெல்லாரியின் ரொட்டியும் அந்த ‘மதராஸி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் காணாமல் போயின.

‘அரிசி’ என்பதும் ஒரே பொருளன்று. மொழியியல் படித்தவளாகையால் இவ்விடத்தில் சற்று நின்று செல்ல விரும்புகிறேன். தமிழில் பச்சரிசி, புழுங்கல் அரிசி என்று இரண்டு உண்டு. ‘புழுங்கு’ என்பது ஆவியில் வேதல், வியர்த்தல். வங்காளியில் ‘சித்தோ சால்’ என்றால் வேகவைத்த அரிசி. ‘ஆதப்’ என்றால் வெயிலில் மட்டும் காய்ந்தது. பீகாரில் ‘உஸ்னா’, ஒடியாவில் ‘உசுனா’. இரண்டுக்கும் மூலம் ‘உஷ்ண’ என்னும் வடசொல். தெலுங்கில் ‘உப்புடு பிய்யம்’. நெல் விளையும் இந்தியா நெடுகிலும் மொழிகள் இந்த இரண்டையும் தனித்தனிச் சொற்களால் பிரித்து வைத்திருக்கின்றன. எங்கள் பாட்டி அண்டாவில் நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைத்து, பதம் பார்க்க இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். அவித்த நெல் எளிதில் நொறுங்காது, நெடுநாள் கெடாது என்பதே அவர் அறிந்த காரணம். அவர் அறியாத காரணம் ஒன்றும் இருந்தது. ஊறி வேகும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயாமின் என்னும் உயிர்ச்சத்து மணியின் உட்பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. பின்னர் ஆலை எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பெரும்பகுதி தங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டினாலோ, தவிட்டோடு அது போய்விடுகிறது. அது போனால் வருவதே கால் மரத்து, இதயம் வீங்கிச் சாகடிக்கும் பெரிபெரி.

மலாயாவில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கொத்துக்கொத்தாக மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலில், புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளரை அந்நோய் பெரிதும் தீண்டவில்லை. கூலியாகக் கப்பலேறியவர்கள் ஊரிலிருந்து கொண்டுசென்ற பழக்கம் அவர்கள் உயிரைக் காத்தது. சென்னை மாகாணத்திலும் இதுவே நிகழ்ந்தது. பெரிபெரி நிலைகொண்டிருந்தது குண்டூர் முதல் விசாகப்பட்டினம் வரையிலான வடசர்க்கார் கடற்கரையில்; அங்கே வழங்கியது ஆலையில் தீட்டிய பச்சரிசி. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிது. மெக்காரிசனின் பின்வந்த அய்க்ராய்டும் உடனாய்வாளர்களும் 1940இல் ‘இந்தியாவின் அரிசிச் சிக்கல்’ பற்றி எழுதியபோது வலியுறுத்தியதும் இந்த வேறுபாட்டைத்தான். ‘அரிசி உண்பவர்’ என்னும் சொல் இவை அனைத்தையும் ஒரு மூட்டையில் கட்டிப்போட்டது.

ஆலை வந்த வேகத்தைத் தடுக்க முயன்றவர்களும் இருந்தனர். 1934இல் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கிய காந்தி, ‘ஹரிஜன்’ இதழில் கைக்குத்தல் அரிசிக்காகத் தொடர்ந்து எழுதினார். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் செயலாளர். அவர்களுக்கு அது உடல்நலம் மட்டுமன்று, உலக்கை பிடித்த பெண்களின் கூலியும் கூட. அவர்கள் தோற்றார்கள். உலக்கைக் குத்தின் உழைப்பு எத்தகையது என்பதைப் பாட்டியிடம் கேட்டவள் என்ற முறையில், ஆலை வந்ததற்காகப் பெண்கள் வருந்தியிருப்பார்கள் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

கோதுமை தெற்கே வந்தது உடல்நலத்துக்காக அன்று. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகளில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வந்தது. விடுதலைக்குப் பின் அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமைக் கப்பல்கள் வந்தன. அரிசியைக் குறைத்து வேறு உண்ணுங்கள் என்று அரசே பரப்புரை செய்தது. 1965இல் பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை மாலை உணவைத் துறக்குமாறு வேண்டினார். பற்றாக்குறையால் உண்ட சப்பாத்தி, ஒரு தலைமுறை கழித்து, நோயாளியின் உணவாகவும் பின்னர் அறிவாளியின் உணவாகவும் தகுதி உயர்ந்தது. கேழ்வரகு இறங்கி ஏறிய படிகளும் இத்தகையவையே. இன்று சிறுதானியம் என்றாலே மருந்து என்பாரிடம் ஒன்று மட்டும் சொல்வேன்: தக்காணத்தில் சோளத்தையே முதன்மையாக நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் பெல்லாக்ரா என்னும் தோல்நோய் இருந்ததை ஐதராபாத்து ஆய்வாளர்களே 1960களில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். குற்றமற்ற தானியம் என்று ஒன்று இல்லை. எந்தத் தானியமும் தனியே தட்டை நிரப்பினால் தீங்குதான்.

அந்நிறுவனத்தை 1960களில் வழிநடத்திய சேலத்துக்காரர் சி. கோபாலன் இன்னொரு மாயையையும் கலைத்தார். உலகம் முழுதும் அப்போது ‘புரதப் பற்றாக்குறை’ என்பதே பேச்சு. ஏழைக் குழந்தைகளுக்குப் புரத மாவும் புரத பிஸ்கட்டும் கொடுக்க வேண்டும் என்றார்கள். கோபாலன் குழுவினர் ஐதராபாத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில், ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 300 கலோரி தரும் எளிய சிற்றுணவைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தனர். அதில் புரதம் மிகச் சிறிதே. குழந்தைகள் வளர்ந்தன. குழந்தைக்கு இல்லாமற்போனது விசேடமான ஒரு சத்தன்று, வயிறு நிறைய உணவு. மெக்கேயின் சிறைக் கணக்குக்கு அறுபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மறுமொழியாகவே அதை நான் வாசிக்கிறேன்.

இன்றைய சிக்கல் தலைகீழானது. உழவனின் உழைப்பு குறைந்தது, தட்டு குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று 2023இல் கணக்கிட்டது. புதுச்சேரியில் விகிதம் 26.3. அரிசிதான் காரணம் என்று விரல் நீட்டுமுன், ரொட்டி உண்ணும் சண்டிகரைப் பாருங்கள்: 20.4. அதே ஆய்வின் 2025ஆம் ஆண்டுக் கட்டுரைதான் என்னை இப்பதிவை எழுதத் தூண்டியது. இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசியையும் மைதாவையும் எடுத்துவிட்டு அதே அளவுக்கு முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் நீரிழிவு வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வைக்கப்படும்போதுதான் வேறுபாடு தென்பட்டது. அதாவது நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும், கைவிட்ட சோற்றுக்கு மாற்றே அல்ல.

இதைத் தந்தையாரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவசரப்பட வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றும் சொன்னேன். இப்போது அவர் காட்டும் மருத்துவர் பொறுமையாகக் கேட்டாராம். அளந்து ஒரு கரண்டிச் சோறு, அதைவிட இருமடங்கு கீரையும் காயும், கெட்டிப் பருப்பு, உண்டபின் அரைமணி நேர நடை, மாத்திரையில் மாற்றமில்லை, ஒரு மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார்.

அன்றிரவு அப்பாவே அழைத்தார். எலிகளின் கதையை முழுமையாகக் கேட்டார்.

“ஏம்மா, அந்த மதராஸி எலிக்கு வெள்ளக்காரன் என்ன அரிசி போட்டான்? குறுவையா, சம்பாவா? பச்சையா, புழுங்கலா? எத்தன பாலிசு?”

‘கழுவிய, தீட்டிய அரிசி’ என்று மட்டும் இருக்கிறது என்றேன். பட்டியல் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார். காப்பியும் பாக்கும் வந்தபோது சிரிக்கத் தொடங்கியவர் நெடுநேரம் நிறுத்தவில்லை.

“காப்பி குடுத்தானா எலிக்கு! நீராகாரம் குடுத்தானா?”

இல்லை என்றேன்.

“அப்ப அது பட்டணத்து எலிம்மா. நம்ம பக்கத்து எலியில்ல.”

சோறு எப்படி இருந்தது என்று கேட்டேன். கரண்டி சிறியது என்றார். அடுத்த மாதப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.